ஒலியால் மட்டும் கதை சொல்ல முடியுமா? நூறாண்டு விவாதம் ஒன்றின் இன்றைய நிலை

1924ஆம் ஆண்டு ஜனவரியில் பிபிசி வானொலி, ரிச்சர்ட் ஹ்யூஸ் எழுதிய குறுநாடகம் ஒன்றை லண்டனிலிருந்து ஒலிபரப்பியது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துவிடுகிறது; உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இருட்டில் பேசிக்கொள்கிறார்கள். வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றாக இதைச் சொல்வது வழக்கம். கேட்பவரால் எதையும் பார்க்க முடியாது என்ற குறையை ஹ்யூஸ் மறைக்கப் பார்க்கவில்லை. பாத்திரங்களுக்கும் அதே குறையைக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப் சென்னையில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று முதல் தமிழிலும் இருந்துவரும் கேள்வி இது: கண்ணுக்கு எதையும் காட்டாமல், ஒலியை மட்டும் கொண்டு ஒருவரைக் கதைக்குள் கூட்டிப்போய் நிறுத்த முடியுமா? முடியுமென்றால், அந்த வேலையைச் செய்வது பேச்சா, எஃபெக்ட்ஸா, இசையா, காதைச் சுற்றிலும் உண்டாக்கப்படும் வெளியா, கேட்பவரின் நினைவா?

இந்தக் கேள்வி வெறும் கோட்பாட்டுச் சர்ச்சையாக இருந்த காலம் போய்விட்டது. ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், கண்காட்சி, அருங்காட்சியகம், ஹெட்ஃபோன் நாடகம் என்று ஒலிக்கதைக்குத் தேவை கூடியிருக்கிறது. சென்னையில் இதற்கான கைகள் பெரும்பாலும் சினிமாவிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வருகின்றன. ஈக்காட்டுத்தாங்கலில் ஜெயா டிவியும் புதிய தலைமுறையும் இருக்கின்றன. அங்கிருந்து நூறடிச் சாலையில் வடக்கே போனால் வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் என்று டப்பிங், மிக்ஸிங் கூடங்கள் வரிசையாக வருகின்றன. இந்தத் தொழிலின் பழக்கங்கள் எந்த வாதத்திலிருந்து வந்தவை, அவற்றில் எது இன்னும் தாங்கும் என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

சொல்லுக்கு முதலிடம்

தமிழில் மிக வலுவாக நிற்கும் நிலைப்பாடு இதுதான்: கதையைச் சொல்வது வசனம், மற்ற ஒலிகள் அதற்குத் துணை. இதன் வேர் வானொலிக்கு முந்தையது. கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே எல்லாப் பாத்திரங்களாகவும் பேசுவார், பாடுவார்; மேடையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இராது. பின்னர் கிராமபோன் கம்பெனிகள் புராண நாடகங்களை ‘நாடக செட்’டுகளாக வெளியிட்டன. 78 வேக இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடமும் சொச்சமும்தான் என்பதால் ஒரே நாடகம் பல தட்டுகளில் வந்தது. தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளிக்கு ஏற்பக் கதையை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பேச்சாலும் பாட்டாலும் நிரப்பும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. வானொலி நாடகம் எழுதுவது தனித் தொழிலானது. சென்னை வானொலியில் சுகி சுப்பிரமணியம் அதற்குப் பெயர்பெற்றவர். கடலுக்கு அப்பால் இலங்கை வானொலியில் சானாவின் ‘இலண்டன் கந்தையா’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ ஆகியவை ஊர்ப்பேச்சையே கதையின் களமாக்கின. யாழ்ப்பாணத்துப் பேச்சு காதில் விழுந்தவுடன் வீடும் திண்ணையும் வேலியும் தாமாக எழுந்துவிடும். தனியாக எஃபெக்ட்ஸ் போட்டு ஊரைக் காட்ட வேண்டியதில்லை என்பதை இத்தகைய நாடகங்கள் காட்டின. வட்டார வழக்கையே ஒலிச்சூழலாக எண்ணும் இந்தப் பார்வைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த நிலைப்பாட்டுக்குப் பெரிய சான்று வானொலி நாடகத்தைவிடச் சினிமாவின் ‘கதை வசனம்’தான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகியவற்றின் வசனம் தட்டிலும் பிறகு கேசட்டிலும் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலித்தது. ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்றக் காட்சி டீக்கடை டீக்கடையாக ஓடியது. வானொலியின் ‘ஒலிச்சித்திரம்’ ஒரு முழுப் படத்தைச் சுருக்கி, இடையிடையே அறிவிப்பாளர் குரலால் முடிச்சுப் போட்டு, காதுக்கு மட்டும் கொடுத்தது. படமாக எடுக்கப்பட்ட ஒன்று படம் இல்லாமலேயே இத்தனை காலம் கேட்கப்பட்டது என்பது உலக அளவில் பார்த்தாலும் சாதாரண விஷயம் அல்ல.

இது எப்படிச் சாத்தியமானது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1950களில் பெரும்பாலான காட்சிகள் ஸ்டுடியோ தளத்துக்குள் எடுக்கப்பட்டன. நாடக மேடையில் பழகிய நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசினார்கள். ‘16 வயதினிலே’ (1977) போன்ற படங்கள் கேமராவைத் தளத்துக்கு வெளியே கொண்டுபோனபோது குரல் டப்பிங் அறைக்குள் போனது. எதிரொலி அடங்கிய சிறு அறை, வாய்க்குப் பக்கத்தில் மைக். இரண்டு காலத்திலும் குரல் முன்னால் நின்றது, இடம் பின்னால் போனது. அதாவது தமிழ்ப் படத்தின் ஒலித்தடம் தன்னை அறியாமலேயே வானொலி நாடகமாகத் தயாரிக்கப்பட்டு வந்தது. அதைப் படத்திலிருந்து பிரித்தெடுத்தபோது பெரிய சேதம் இல்லாமல் வந்துவிட்டதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

பலவீனங்களும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்று, காண்பதையெல்லாம் பாத்திரமே வாய்விட்டுச் சொல்ல நேர்கிறது: “ஐயோ, கையில் கத்தியோடு வருகிறானே!” என்று ஒருத்தி கத்தினால் கத்தி தெரிகிறது, ஆனால் பயம் போய்விடுகிறது. இரண்டு, எல்லாக் குரலும் ஒரே தூரத்தில் இருப்பதால் அறையின் அளவோ, கதவுக்கு அப்பால் நிற்பவரின் தயக்கமோ கேட்பதில்லை. மூன்றாவது பலவீனம் சான்றைப் பற்றியது. கதை வசனத்தைக் கேட்டவர்களில் பலர் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ‘திருவிளையாடல்’ தருமி புலம்பும்போது அவர்கள் காதால் கேட்டது நாகேஷின் குரல். மனத்தில் ஓடியது அவருடைய உடம்பு. அப்படியானால் கதையைச் சொன்னது வசனம் மட்டும்தானா என்ற கேள்வி எஞ்சுகிறது.

பேச்சில்லாத கதை

எதிர்த்திசையில் நிற்பவர்கள் பேச்சையே ஊன்றுகோல் என்பார்கள். 1948இல் பாரிஸில் பியேர் ஷெஃபேர் ரயில் ஒலிகளைப் பதிவுசெய்து, வெட்டி அடுக்கி, அதையே இசைப்படைப்பாக வானொலியில் ஒலிபரப்பினார். ஒலிக்கு மூலம் எது என்பதை மறந்து ஒலியை ஒலியாகவே கேட்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கதை சொல்ல விரும்புபவர்களுக்கு இது பாதிதான் உதவும். கதைக்கு ஒலியின் மூலம் தெரிந்தாக வேண்டும். 1978இல் பிபிசிக்காக நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸ் உருவாக்கிய ‘தி ரிவெஞ்ச்’ இன்னும் துணிந்தது: வசனமே இல்லாத வானொலி நாடகம். ஓட்டம், மூச்சு, தண்ணீர், கதவு ஆகியவற்றால் ஒரு துரத்தலைச் சொல்லப் பார்த்தது. அது நாடகம்தானா என்று அப்போதே சர்ச்சை எழுந்தது.

நம் பக்கத்தில் மிக அருகில் வரும் உதாரணம் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய, வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987). படம் கண்முன் இருப்பதால் ஒலி மட்டும் கதை சொன்னதாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அதில் ஒரு காட்சி இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்துகிறது. ஆடம்பர ஓட்டலின் அமைதியில் நாயகனுக்குத் தூக்கம் வரவில்லை. தான் குடியிருந்த பழைய இடத்தில் பக்கத்துத் தியேட்டரிலிருந்து வரும் சண்டைக் காட்சிச் சத்தத்தைப் பதிவுசெய்து கொண்டுவந்து போட்டுக்கொண்டு தூங்குகிறான். அவன் வறுமை, பழக்கம், அவன் சேர முடியாத வர்க்கம் மூன்றையும் ஓர் இரைச்சல் சொல்லிவிடுகிறது. ஒலி இங்கே ஒரு பொருளைக் காட்டவில்லை, ஒரு வாழ்க்கையைச் சுட்டுகிறது.

பேச்சில்லாத ஒலியின் முதல் தடை, ஒரே ஒலி பல பொருளாகக் கேட்பது. எண்ணெயில் பொரியும் சத்தமும் மழையும் கண்ணை மூடினால் நெருங்கிவிடும். அன்றாட ஒலிகளைத் துணுக்குகளாகக் கேட்க வைத்து ஜேம்ஸ் பல்லாஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் ஒலிக்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும் என்பதைப் பொறுத்தே அதை அடையாளம் காணும் வேகம் மாறுகிறது என்று காட்டியது. வானொலிக் கூடங்களும், படத்துக்கான ஒலிகளைக் கையால் உருவாக்கித் தரும் ஃபோலி கலைஞர்களும் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை, இடிக்குத் தகரத் தகடு, நெருப்புக்குக் கசக்கிய செல்லோஃபன் தாள் என்று அவர்கள் போனதற்குக் காரணம், உண்மையான ஒலி பல சமயம் உண்மையாகக் கேட்காது என்பதுதான்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. ஒலிக்கு இறந்தகாலம் கிடையாது, எதிர்மறையும் கிடையாது. கதவு திறக்கிறது என்பதை ஒலி சொல்லும். நேற்று அது திறக்கவில்லை என்பதை எப்படிச் சொல்லும்? இதற்கு நல்ல ஒலி வடிவமைப்பாளர்கள் கண்ட விடை, திரும்ப ஒலிக்கவைப்பது. அப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரும்புக் கேட் ஒருவிதமாக முனகுகிறது என்று மூன்று முறை கேட்கவைத்துவிட்டால், நான்காம் இரவில் கேட் முனகாதபோது அவர் வரவில்லை என்பது பேச்சில்லாமலே புரிந்துவிடும். இல்லாமையை ஒலியால் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இது நேரம் கேட்கும் வழி. பத்து நிமிடக் கதையில் இத்தகைய பழக்கத்தை ஏற்படுத்துவது கடினம்.

இசையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விவாதம் அங்கே அதிகம் நகரவில்லை. இளையராஜாவின் பின்னணி இசை வசனம் விட்ட இடத்தை எடுத்துக்கொண்டு கதையை நடத்திச் செல்வதைத் தமிழ் ரசிகருக்கு விளக்க வேண்டியதில்லை. சிக்கல், இசை ஒரு நிகழ்ச்சிக்கு முன்னரே என்ன உணர வேண்டும் என்று அறிவித்துவிடுவதில் இருக்கிறது. படத்தில் கண் அதை எதிர்த்து நிற்க முடியும். ஒலிக்கதையில் எதிர்த்து நிற்க வேறு புலன் இல்லை. தமிழ் ஒலிநாவல்கள் பலவற்றில் இடைவிடாது ஓடும் கீபோர்டு இசை இந்த எச்சரிக்கையைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நிலத்தின் ஒலி

மூன்றாவது நிலைப்பாடு, கதையை இடத்தில் தேடுகிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். மர்ரே ஷேஃபர் தொடங்கிய ஒலிச்சூழல் ஆய்வுத் திட்டமும் அவர் 1977இல் வெளியிட்ட நூலும் இதற்கு மூலமாகச் சொல்லப்படுகின்றன. ஓர் இடத்தின் ஒலிகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: கவனத்தில் படாமல் அடியில் ஓடுவது, முன்னால் வந்து கவனத்தை இழுப்பது, அந்த ஊருக்கே அடையாளமாக நிற்பது.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தது. பின்வந்த இலக்கண நூல்களும் உரைகளும் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்றும், நெய்தலுக்குச் செவ்வழிப்பண், பாலைக்குப் பஞ்சுரப்பண் என்றும் விரித்தன. பொழுதும் கூடவே வரும்: மாலையில் ஆயர் குழல் கேட்டால் அது முல்லையின் காத்திருப்பு. நிலம், பொழுது, ஒலி, மனநிலை நான்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட முறை இது.

ஒப்பிட்டால் தொல்காப்பிய முறைக்கு ஒரு நுட்பம் கூடுதலாக இருக்கிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அது மூன்று அடுக்கு வைக்கிறது. ஒலி கருப்பொருள், பிரிதல், இருத்தல், ஊடல் போன்ற மனித நிகழ்ச்சியே உரிப்பொருள். கருப்பொருளை அடுக்கினால் கவிதை வந்துவிடாது. இன்றைய ஒலிச்சூழல் படைப்புகள் பலவும் தடுக்கி விழுவது இங்கேதான்: கோயில் மணி, பூக்காரியின் கூவல், ஆட்டோ ஹாரன், மார்கழிப் பாட்டு என்று மயிலாப்பூரை அடுக்கிக் காட்டிவிட்டு, அதைக் கதை என்கின்றன. உரிப்பொருள் இல்லாத மயிலாப்பூர் சுற்றுலாச் சுவரொட்டிதான்.

இந்த நிலைப்பாட்டின் மீது வைக்கப்படும் விமர்சனங்கள் இரண்டு. ஷேஃபர் நகர இரைச்சலைக் கெட்டுப்போன ஒலியாகவும் கிராமத்து ஒலியைத் தூயதாகவும் பார்த்தார் என்பது ஒன்று. சென்னைக்கு அந்தக் கண்ணாடி பொருந்தாது, இங்கே இரைச்சலும் வாழ்க்கைதான். இன்னொன்று தொல்காப்பிய முறைக்கும் சேரும்: குறிப்பு தெரிந்தவருக்கே ஒலி பேசும். ஏறுகோட்பறையைக் கேட்டதில்லாதவருக்கு அதில் முல்லை இல்லை. பழைய கவிதைக்கு அது பிரச்சினையாக இல்லை, ஏனெனில் கேட்பவரும் அதே மரபில் வளர்ந்தவர். இன்றைய ஒலிக்கதையின் கேட்பவர் யார் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை.

காதைச் சுற்றி ஒரு வெளி

நான்காவது நிலைப்பாட்டுக்காரர்கள் பொறியாளர்கள். 1881இல் பாரிஸ் மின்காட்சியில் க்ளெமாங் ஆதே, ஓப்பரா அரங்கின் ஒலியைத் தொலைபேசி வழியே இரு காதுகளுக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். கேட்டவர்களுக்குப் பாடகர் மேடையில் இடம்பெயர்வதே தெரிந்தது. இதற்கான விளக்கத்தை 1907இல் ராலே பிரபு கொடுத்தார். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை மற்றதைவிட அதிகபட்சம் ஒரு மில்லி நொடியில் முக்கால் பங்குக்கும் குறைவான நேரம் முந்தி அடைகிறது. உச்ச ஒலிகளில் தலை மறைப்பதால் அளவும் மாறுகிறது. இவற்றைக் கொண்டு மூளை திசையைக் கணக்கிடுகிறது. 1970களில் தலை வடிவ மைக்குகள் சந்தைக்கு வந்தன; மைக்கேல் கெர்சன் கோள வடிவில் ஒலியைப் பதியும் முறையை வகுத்தார்.

சென்னை இந்தப் பாதையில் பின்தங்கியதில்லை. ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஸ்டீரியோவை முதலில் கையாண்ட இந்தியப் படங்களில் ஒன்று. 2012 டிசம்பரில் வெளியான ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸில் கலக்கப்பட்டது. அட்மாஸ் 128 தடங்கள் வரை தாங்கும். ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புவதற்குப் பதில் அறையின் ஓரிடத்தில் வைக்கும். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) உள்ளிட்ட படங்களுக்காகத் தேசிய விருது பெற்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் போன்றவர்கள் இங்கேயே ஒரு தலைமுறையைப் பயிற்றுவித்தார்கள்.

ஆனால் சூழ்ந்து ஒலிப்பதும் ஆழ்ந்து கேட்பதும் ஒன்றல்ல. திரையரங்கில் பின்னாலிருந்து திடீரென்று வரும் சத்தம் பார்வையாளரைக் கதைக்குள் இழுப்பதற்குப் பதில் வெளியேறும் கதவுப் பக்கம் திரும்பவைக்கும் என்று மிக்ஸிங் கலைஞர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ஹெட்ஃபோனில் வேறு தொல்லை: தலை வடிவ மைக்கின் காது மடல் நம் காது மடல் அல்ல, அதனால் முன்னால் இருப்பது பின்னால் கேட்கும். கேட்கும் இடமும் இருக்கிறது. வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல் வரை சட்டமே அனுமதிக்கிறது. மாநகரப் பேருந்தில் செல்போன் ஒலிப்பெருக்கியை வைத்துக் கேட்பவருக்கு, நுணுக்கமாக இடப்பட்ட காலடி ஓசை அப்படியே மூழ்கிப்போகும்.

தமிழில் இதற்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. சுற்றிலும் மழை அடிக்கிறது, மேலே இடி உருள்கிறது, நடுவில் பாத்திரம் பேசுகிறது. ஆனால் அந்தக் குரல் கம்பளம் ஒட்டிய அறைக்குள் இருக்கிறது. டப்பிங் மரபின் விளைவு இது. ‘விருமாண்டி’ (2004) போலப் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிந்த முயற்சிகள் உண்டு. அவை பொது வழக்கம் ஆகிவிடவில்லை. குரலுக்கும் வெளிக்கும் இடையிலான இந்தப் பிளவு சரியாகும் வரை ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது பெரிய பலன் தராது என்பது என் மதிப்பீடு.

கேட்பவர் எங்கே நிற்கிறார்?

மேற்சொன்ன நான்கும் ஒலிக்குள்ளேயே விடை தேடுகின்றன. ஐந்தாவது வாதம் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. 1936இல் ருடால்ஃப் ஆர்ன்ஹைம் வானொலியைப் பற்றி எழுதிய நூலில், காட்சி இல்லாமையைக் குறையாகக் கருதி நிரப்பப் பார்ப்பதே தவறு என்றார். அந்த இல்லாமையே இந்தக் கலையின் வடிவம். அவருக்கு அடுத்து வந்தவர்கள் இன்னும் ஓரடி போனார்கள்: கதைக்குள் கேட்பவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகம் நாட்டையே பீதியில் ஆழ்த்தியதாகச் சொல்லப்படுவதைப் பின்வந்த ஆய்வாளர்கள் மிகைப்படுத்தல் என்கிறார்கள். அதன் உத்தி எப்படியானாலும் பாடமாக நிற்கிறது. கதையின் முற்பகுதி இடைமறித்து வரும் செய்தி அறிக்கையாக வந்தது. எனவே கேட்பவர் நடிக்க வேண்டிய பாத்திரம், வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர். அவர் உண்மையிலேயே அதுதான். கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991 முதல் செய்த ஒலி நடைகளில், ஹெட்ஃபோன் குரல் கேட்பவரைத் தெருத் தெருவாக நடக்கச் சொல்கிறது. பதிவான காலடியும் சொந்தக் காலடியும் ஒன்றாகும்போது கதை உடம்புக்குள் வந்துவிடுகிறது. 2015இல் எடின்பரோவில் நாடகக் கலைஞர் சைமன் மெக்பர்னி ஒரு தலை வடிவ மைக்கை மேடை நடுவில் வைத்து, அதன் காதில் கிசுகிசுத்தார். அரங்கில் ஹெட்ஃபோன் அணிந்திருந்த ஒவ்வொருவர் காதிலும் அது கேட்டது.

தமிழ் மரபில் இதற்கு வில்லுப்பாட்டை முன்வைக்கலாம். உடுக்கையும் குடமும் கட்டையும் ஒலிக்க, முதன்மைப் பாடகர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுகிறார், கேள்வி கேட்கிறார், வியக்கிறார். அவர் கேட்பவர்களின் பிரதிநிதி. தெருக்கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின்னாலிருந்து பாடி ஆர்ப்பரித்துவிட்டுத்தான் முகம் காட்டுகிறது. அந்தச் சில நிமிடம் பார்வையாளர் காதாக மட்டும் இருக்கிறார், வருவது யார் என்று மனத்தில் கட்டிக்கொள்கிறார். கேட்பவருக்குக் கதைக்குள் நாற்காலி போட்டுக் கொடுக்கும் கலை நமக்குப் புதிதல்ல.

அண்மைக் காலத்தில் இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ (2019). திரையில் தெரிவது ஒரே நடிகர். காவல் நிலையத்தில் விசாரிப்பவர்களும் மற்றவர்களும் குரலாகவும் அசைவொலியாகவும் மட்டுமே வருகிறார்கள். இறுதிக் கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது. அங்கே சுற்றொலி அலங்காரமாக இல்லை. விசாரிப்பவர்கள் எங்கிருந்து பேசுகிறார்கள் என்பதால் பார்வையாளர் அந்த அறைக்குள், அந்த மனிதனை வளைத்து நிற்பவர்களில் ஒருவராகிவிடுகிறார். இதே தொழில்நுட்பம் வேறு படங்களில் சாதிக்காததை இங்கே சாதித்ததற்குக் காரணம், நிற்கும் இடம் முதலில் முடிவானதும் ஒலி பிறகு வந்ததும்தான் என்று நான் கருதுகிறேன்.

இந்த நிலைப்பாட்டுக்கும் ஓட்டை உண்டு. எல்லாவற்றையும் கேட்பவர் தலையில் ஏற்றிவிட்டால் வடிவமைப்பாளரின் வேலையை எதைக் கொண்டு மதிப்பிடுவது? கதை உறைக்கவில்லையென்றால் ஒலி மோசமா, கேட்பவர் அயலாரா? நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத வாதமாக இது நழுவிப்போகும் அபாயம் இருக்கிறது.

ஈக்காட்டுத்தாங்கலில் வைத்துப் பார்த்தால்

வாதங்களை ஓர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது பயன்தரும். ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஒரு பக்கம் அடையாறு. மறுபக்கம் 1950களில் உருவான கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையின் லேத்தும் பிரஸ் மெஷினும். நடுவே நூறடிச் சாலை. தலைக்கு மேல் 2015 ஜூன் 29 முதல் ஓடும் மெட்ரோ. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஆற்று வெள்ளம் கரையோரத் தெருக்களுக்குள் வந்தது. வெள்ளம் வந்த இரவை ஒலியால் மட்டும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சொல்லை நம்புபவர் அங்கே வாழ்ந்தவர்களின் சாட்சியத்தைப் பதிவுசெய்வார். எஃபெக்ட்ஸை நம்புபவர் தண்ணீரின் ஓசையைத் தேடுவார். தேடி ஏமாறுவார், ஏனெனில் தெருவுக்குள் மெல்ல ஏறும் வெள்ளம் அருவிபோல் இரைவதில்லை. நிலத்தை நம்புபவருக்கு இங்கே நல்ல பிடி கிடைக்கும்: இந்தப் பகுதியில் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருப்பது மோட்டார், மின்விசிறி, ஏ.சி., வாகனம் ஆகியவற்றின் ரீங்காரம். மின்சாரம் நின்றவுடன் அது அறுந்துபோகும். முன்பாதி முழுவதும் அந்த ரீங்காரத்தைக் கேட்கவைத்திருந்தால், அது அறுபடுவதே வெள்ளத்தின் வருகையாகிவிடும். அட்மாஸ்காரர் தண்ணீரைத் தரையிலிருந்து ஏற்றிக் காட்டுவார். ஐந்தாவது வாதக்காரர் வேறொன்று கேட்பார்: கேட்பவர் எந்தப் படியில் நிற்கிறார்? தரைத்தள வீட்டிலிருந்து பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நிற்பவராக அவரை வைத்தால், ஒவ்வொரு படியாக நெருங்கும் சலசலப்புக்கு வேறு விளக்கமே வேண்டாம். மாடியில் டார்ச்சோடு நிற்கும் அண்டைவீட்டாராக வைத்தால் அதே ஒலிகள் வேறு கதையாகிவிடும்.

இங்கே அறம் சார்ந்த கேள்வியும் நுழைகிறது. அந்த இரவில் உண்மையில் பதிவான அலறல் கையில் இருந்தால் அதைப் போடலாமா? படத்தில் முகத்தை மறைக்கலாம். குரலை மறைத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒலிக்கதை வடிவமைப்பு பற்றிய எழுத்து பெரும்பாலும் நுட்பத்தோடு நின்றுவிடுவதால் இந்தக் கேள்வி போதிய அளவு பேசப்படவில்லை.

தீராத கேள்விகள்

ஒன்றைச் சற்று உறுதியோடு சொல்லலாம். வசனம், எஃபெக்ட்ஸ், நிலம், வெளி ஆகிய எதுவும் தனித்துக் கதை சொன்னதற்குச் சான்று பலவீனமாகவே இருக்கிறது. கேட்பவர் நிற்கும் இடம் தெளிவான படைப்புகளில் இந்த நான்கும் அளவு குறைந்தபோதும் வேலை செய்திருக்கின்றன. இதை விதி என்று சொல்லும் அளவுக்கு உதாரணங்கள் சேரவில்லை. ஒருவர் கதைக்குள் ‘ஆழ்ந்துவிட்டார்’ என்பதை எப்படி அளப்பது என்பதிலேயே உடன்பாடு எட்டவில்லை. கேள்வித்தாள், இதயத்துடிப்பு, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது என ஒவ்வொரு முறையும் வேறொன்றையே அளக்கிறது. கேட்பவரின் காது மடலுக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் வசதி செல்போனுக்குள் வரத் தொடங்கியிருப்பதால், முன்-பின் குழப்பம் பற்றிய பழைய வாதம் சில ஆண்டுகளில் செல்லாமல் போகலாம். குறிப்பு தெரியாத அயலாருக்கு ஊரின் ஒலி கதையாகுமா என்பது அதனால் தீர்ந்துவிடாது.

இன்னொரு கேள்வி இதுவரை ஓரத்திலேயே நின்றிருக்கிறது. பார்வையற்றோரும் பார்வை குறைந்தோரும் திரைப்படத்தை அணுகுவதற்கான வழிகாட்டு நெறிகளை ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. காட்சியை விவரிக்கும் தனிக் குரல்தடம் அதில் ஒரு வழி. தமிழில் இது இன்னும் இளம் கலை. விவரிக்கும் குரல் நுழைந்தவுடன் சொல்லுக்கு முதலிடம் என்ற பழைய நிலைப்பாடு மறுபடி வந்துவிடுகிறது. அந்தக் குரல் எஃபெக்ட்ஸுக்கு மேல் ஏறிப் பேசினால் ஒலி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததை மூடிவிடும். எங்கே பேச வேண்டும், எங்கே ஒலியை விட்டுவிட வேண்டும் என்பதை முடிவுசெய்ய, ஒலிச்சித்திரத்தையும் கதை வசனத்தையும் வாழ்நாள் முழுவதும் படமே இல்லாமல் கேட்டுவந்தவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. வடபழனியின் மிக்ஸிங் அறைகளில் அவர்களையும் உட்காரவைத்து வேலை செய்தால், படம் பார்த்த நினைவு கலக்காத காது எதைக் கேட்கிறது என்பது முதல் முறையாகத் தெரியவரக்கூடும்.